அடுப்படியில் ஒப்பித்த பாடம்

எங்கள் பெண் பள்ளிக்கூடத்தில் படிப்பு என்றால் தொண்டைதான். சாயங்காலம் மணி அடிக்கும் முன் எல்லாரும் எழுந்து நின்று, வாய்ப்பாட்டையும் பாடத்தையும் ஒரே குரலில் கத்த வேண்டும். ஆற்றில் துணி துவைப்பவர்களுக்குக் கேட்டால் நாங்கள் கெட்டிக்காரிகள். என் குரல் தாமிரபரணியின் அக்கரைக்கே கேட்கும். ஆனால் எட்டேழு எத்தனை என்று சித்தப்பா கேட்டபோது, ஓரேழிலிருந்து ராகம் போட்டு வந்தால்தான் விடை கிடைத்தது.

சித்தப்பா சென்னையில் ஆசிரியர் பயிற்சி முடித்து அப்போதுதான் வந்திருந்தார். மனத்தில் எது தங்கும், எது நழுவும் என்று சீமையில் சோதித்துப் பார்த்திருக்கிறார்களாம். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு யாருக்காவது சொல்லிப் பார்ப்பதும், சில நாள் விட்டு மறுபடி சொல்லிப் பார்ப்பதும்தான் நிலைக்குமாம். வீட்டில் என் பாடத்தைக் கேட்கக் கிடைத்தவள் அம்மா ஒருத்திதான். அவளுக்கு எழுத்து தெரியாது.

அடுப்படித் தரையில் கரித்துண்டால் எழுதிக் காட்டிச் சொன்னேன். அம்மா பாடத்தின் நடுவிலிருந்து கேள்வி கேட்பாள். முந்தாநாள் சொன்னதையே மறுபடியும் கேட்பாள். சரியான மரமண்டை என்று நினைத்துக்கொள்வேன். பாடம் முடிந்ததும் தரையில் உள்ள கரி எழுத்தைத் துடைக்கச் சொன்னால், "பைய துடைக்கேன், இருக்கட்டும்" என்பாள்.

எனக்குத் திமிர் ஏறிவிட்டது. பள்ளியில் இனிக் கூட்டத்தோடு கத்துவதில்லை என்று வாயை மூடிக்கொண்டேன். வாத்தியார் முட்டி போடச் சொன்னார். போட்டேன். "தனியா கேளுங்க, சொல்லுதேன்" என்றேன். அவர் என்னைக் கேட்கவில்லை, அப்பாவிடம் போய்ச் சொன்னார்.

அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் தீர்ப்பு வந்தது. "ஏட்டி, படிச்சுக் கிழிச்சது போதும். நாளைலேருந்து வீட்டுல கெட."

சித்தப்பா சீமை ஆராய்ச்சியை விளக்கினார். அப்பா ரசத்தை உறிஞ்சினார். நான் அழவில்லை. "போவேன்" என்றேன். அதற்கு ஒரு அறை விழுந்தது.

அம்மா மோர்ச் சட்டியோடு வந்து நின்றாள். அப்பாவை எதிர்த்து அவள் ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை.

"அவ போவா" என்றாள். "போவான்னு நீங்க சொல்லுங்க, மோர் ஊத்துதேன்."

மறுசோறு இலையில் காய்ந்தது. அப்பா முறைத்தார். அம்மா சட்டியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அங்கேயே நின்றாள். கடைசியில் அவர், "போய்த் தொலையட்டும்" என்றார்.

எனக்காக அப்பாவையே எதிர்த்துவிட்டாளே என்று அன்று பூரித்துப்போனேன். என் இரண்டாம் பாடப் புத்தகத்தில் அம்மாவும் பாதி தாண்டியிருந்தாள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது.