மஞ்சள் விமானத்துக்குத் தேக்குத் துப்பாக்கி

அந்த விமானம் ஒருவரையும் கொன்றதில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இதை எடுத்துச் சொன்ன ஒரே மனிதரின் வாயை எங்கள் ஊர் எப்படி அடைத்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, இன்னும் ஆறவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். போர் முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. காரைக்குடியில் பெரிய வீட்டுக்காரர் ஒருவர், பர்மாவிலும் மலாயாவிலும் முன்னோர் சேர்த்த பொருள்களையெல்லாம் அடுக்கி ஒரு பொருட்காட்சிச் சாலை திறக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். பீங்கான் ஜாடிகள், தந்தப் பேழைகள், ஆளுயரக் கண்ணாடிகள். இவற்றோடு ஒரு விமானமும் நின்றால் நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அவருக்குத் தோன்றினால் வந்துவிடும். ராணுவம் கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். இறக்கை தனி, வால் தனி, உடம்பு தனி. கொட்டகையில் இறக்கியபோது உரித்த கோழி மாதிரிக் கிடந்தது.

அதைக் கூட்டிச் சேர்க்க ஊரில் ஒரே ஆள்தான் இருந்தார். என் அத்தாவின், அதாவது அப்பாவின், தம்பி. நாங்கள் சின்னத்தா என்போம். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்று வந்து, கிணற்று மோட்டார்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். முந்தைய போரின்போது வடக்கே ஒரு விமானதளத்தில், வானத்திலிருந்து குண்டு விழ விழ, விமானங்களுக்கு அடியில் படுத்து வேலை செய்தவர் என்று அவர் மனைவி, எங்கள் சின்னம்மா, சொல்லித்தான் தெரியும். அவராக அதைப் பேசியதில்லை.

நான் அப்போது நான்காம் வகுப்பு. விடுமுறை. தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோவது என் பொறுப்பு. கொடுத்துவிட்டு வரவேண்டும் என்பது உத்தரவு. சாயங்காலம் வரை வரமாட்டேன். விமானம் என்றால் இரும்பு என்று நினைத்திருந்தேன். அது மரமும் துணியுமாக இருந்தது. எலி கடித்த பழைய துணியை உரித்துப் போட்டதும் உள்ளே மெல்லிய மரச்சட்டங்கள், மீன்முள் மாதிரி வரிசையாக. புதுத் துணியைச் சின்னம்மாதான் வீட்டு மெஷினில் ஓட்டினார், தலையணைக்கு உறை தைப்பதுபோல. மேலே ஒரு மருந்தைப் பூசினார் சின்னத்தா. அழுகிய வாழைப்பழமும் நகப்பூச்சும் கலந்த வாடை. காயக் காயத் துணி விறைத்து, தட்டினால் தப்பட்டை மாதிரி அதிர்ந்தது. அந்த அதிர்வை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு நான் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி ஓடியிருக்கிறேன்.

ஆனால் எனக்கு ஒரு குறை. "துப்பாக்கி எங்க சின்னத்தா?" என்று முதல் நாளே கேட்டுவிட்டேன்.

"இதுல துப்பாக்கி கிடையாது புள்ள. இது பள்ளிக்கூடம். ஒரு சீட்டு வாத்தியாருக்கு, ஒரு சீட்டு படிக்கிற பயலுக்கு. மஞ்சள் பெயிண்டு எதுக்குத் தெரியுமா? பழகுற பய வாரான், எல்லாரும் விலகிக்கங்கன்னு."

எனக்கு அழுகை வந்தது. பள்ளிக்கூடத்தைவிட்டுத் தப்பித்து ஓடிவந்த இடத்திலும் பள்ளிக்கூடமா? பள்ளிக்கூடத்துக்கு எதற்கு இறக்கை?

என் குறைதான் பெரிய வீட்டுக்காரருக்கும். ஒருநாள் மேனேஜரையும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தார். "எல்லாம் நல்லா வந்துருக்கு பாய். ஆனா சண்டை விமானம்னு நோட்டீஸ் அடிச்சாச்சே. துப்பாக்கி இல்லாமப் பாத்தா சனங்க சிரிக்குமே."

"ஐயா, இது சண்டைக்குப் போனதே இல்லீங்க. பறக்கக் கத்துக் குடுத்துச்சு, அவ்வளவுதான். துப்பாக்கி வச்சாப் பொய்யாப் போகும்."

"ஒரு அழகுக்குத்தானே பாய்."

அழகுக்கு ஆசாரியிடம் சொல்லி அனுப்பினார்கள். நாலாம் நாள் இரண்டு துப்பாக்கிகள் வந்து இறங்கின, அசல் பர்மாத் தேக்கு. ஆசாரி ஆயுசெல்லாம் கட்டில் காலும் தொட்டில் காலும் கடைந்தவர். அந்தக் கை அதே பழக்கத்தில் போயிருக்கிறது. துப்பாக்கிக் குழாயில் வளையம் வளையமாக அலங்காரம், குண்டு வெளியே வரவேண்டிய இடத்தில் ஒரு தாமரை மொக்கு. "மொக்கு வைக்காமக் கடையுறதுக்கு எனக்குக் கை வராதுங்க" என்றார் அவர். கறுப்புப் பெயிண்டை அடித்து மூடினார்கள். எனக்கு அது போதும். மொக்கு வைத்த துப்பாக்கியானாலும் துப்பாக்கி.

சின்னத்தா அவற்றைத் தொடவில்லை. ஒரு வாரம் சுவரோடு சாய்ந்து கிடந்தன. மேனேஜர் தினமும் வந்து கேட்பார். "வைக்கணும்னா வேற ஆளப் பாருங்க" என்பார் சின்னத்தா, குரலை உயர்த்தாமல். வேறு ஆள் எங்கே இருக்கிறது? இறக்கையே இன்னும் உடம்பில் மாட்டப்படவில்லை. பெரிய வீட்டுக்காரர் இறங்கிவரத் தொடங்கியிருந்தார். அழைப்பிதழில் பயிற்சி விமானம் என்றே போட்டுவிடலாமா என்று அவர் கேட்டதை நான் காதால் கேட்டேன். நான்தான் பதறிப்போனேன். சோற்றை வைத்துவிட்டுச் சின்னத்தாவிடம் இரண்டு நாள் பேசவில்லை.

இறக்கையை மாட்டிய அன்று கொட்டகையில் நல்ல கூட்டம். தூக்கிப் பிடிக்க வந்த ஆட்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், ஆசாரி, பெரிய வீட்டுக்காரர் எல்லோரும் இருந்தார்கள். மஞ்சள் விமானம் முதல்முறையாக முழுசாக நின்றது. சின்னத்தா துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்போதுதான் மேனேஜர், சுவரோரம் கிடந்த துப்பாக்கிகளைக் காலால் லேசாக நகர்த்திவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, தமாஷாகக் கேட்டார்:

"என்ன பாய், எந்தப் பக்கம் பாத்துச் சுடும்னு யோசிக்கிறீகளா?"

சிரிப்பு கிளம்பியது. வயிறு குலுங்கிய சிரிப்பு. பெரிய வீட்டுக்காரரும் மீசைக்குள் சிரித்தார்.

நல்ல கேள்வி என்று எனக்குப் பட்டது. விமானத்தின் மூக்கு எங்கே திரும்பியிருக்கிறது என்று பார்த்து, கையை நீட்டினேன். "அங்குட்டுத்தான் சுடும், திருப்பத்தூர்ப் பக்கம்."

கொட்டகையே அதிர்ந்தது. "புள்ள தெளிவா இருக்கு பாய்" என்றார் மேனேஜர்.

சின்னத்தா சிரிக்கவில்லை. யாரையும் பார்க்கவும் இல்லை. குனிந்து ஒரு துப்பாக்கியை எடுத்தார். ஸ்க்ரூவைப் பல்லில் கடித்துக்கொண்டு, தானே, யாருடைய உதவியும் கேட்காமல், அதை இறக்கையில் முடுக்கினார். பிறகு மற்றதை. புதிதாக இழுத்துக் கட்டிய துணியில் துளை விழும்போது ஒரு சின்னச் சத்தம் கேட்டது. நான் கை தட்டினேன்.

ஒருவன் தன் ஆயுளில் பாதியை ஒரு நாட்டின் விமானங்களுக்கு அடியில் படுத்துக் கழித்துவிட்டு வருகிறான். அவன் எந்தப் பக்கம் என்று கேட்க ஒரு மேனேஜருக்கு ஒரு நொடி போதும். எதிரி நாட்டுக்காரன் தொழுகிற திசையில் இவனும் தொழுகிறான், அது போதும். அதற்கு எந்தப் பதிலைச் சொன்னாலும் சந்தேகத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். மரக்கட்டைக்கு மறுப்புச் சொன்னால்கூட அது நாட்டுக்குச் சொன்ன மறுப்பு. கேட்டவர் அன்றைக்குச் சாயங்காலமே மறந்திருப்பார். தமாஷுக்குக் கேட்டவர்தானே.

வீட்டில் சின்னத்தா மண்ணெண்ணெய் ஊற்றிக் கையைக் கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். விஷயம் தெரிந்து அத்தா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"என்னான்டு கேட்டுட்டு வாரேன். விடு."

"உக்காருங்கண்ணே. நாளைக்கும் இங்கதான் இருக்கணும்."

சின்னம்மா அடுப்படியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். எனக்குப் பெரியவர்கள்மேல் ஆத்திரமாக வந்தது. இத்தனை அழகான துப்பாக்கிகள் வைத்தாயிற்று, இந்த வீட்டில் ஒருவருக்கும் சந்தோஷமில்லை.

திறப்பு விழாவுக்குச் சின்னத்தா போகவில்லை. நான் போனேன். அதன்பின் பள்ளிக்கூடம் திறந்தபோது, அவர் ஒரு வாரம் முரண்டு பிடித்ததையும், நான் கையை நீட்டிச் சொன்ன ஒரே வார்த்தையில் அவர் வழிக்கு வந்ததையும், கேட்டவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.