தண்ணீர் வற்றிய பிரிவுக் காட்சி

மேனுகாவைப் பல்கலைக்கழகத்தில் எல்லோரும் "டிரெக்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதைக்கு அல்ல. இரண்டே நாளில் குறும்படம் எடுத்து அனுப்ப வேண்டிய மாணவர் போட்டியில் வருடாவருடம் சேர்வாள். ஒருமுறையும் படத்தை அனுப்பியதில்லை. நேரம் முடியும்போது ஏதாவது ஒரு ஷொட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு நிற்பாள். இது அவளுக்குக் கடைசி வருடம்.

"இந்த முறையும் படம் போகாட்டி என்னை மறந்திடு," என்று சொல்லிவிட்டுத்தான் அவளோடு படிக்கும் உதயரூபன் கமராவைத் தூக்கினான். "கல்யாண வீடியோ எடுத்தா மாப்பிள்ளையாவது பார்ப்பான்."

போட்டிக்குத் தந்த தலைப்பு, பிரிவு. மேனுகாவுக்குப் புல்லரித்தது. கதை உடனே வந்தது. வெளிநாடு போகும் காதலன் வாவியில் தோணி ஏறுகிறான். காதலி முழங்கால் தண்ணீரில் நின்று பார்க்கிறாள். ஒரு வசனமும் இல்லை.

"வெளிநாட்டுக்கு ஏன்கா தோணியில போறான்?" என்று கேட்டாள் காதலியாக நடித்த தனுஷியா.

"அது குறியீடு," என்றாள் மேனுகா. அதற்குமேல் அவளுக்கும் தெரியாது.

மாரி வெள்ளத்தில், ஊரார் ஆறு என்று சொல்லும் வாவி புல்தரைவரை ஏறி நின்றது. இரவல் தோணியை ஒரு மரத்தில் கட்டினார்கள். காதலன் நிலோஜன், இருந்த ஒரே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தோணியை நோக்கிச் சோகமாக நடந்தான். திரும்பவும் நடந்தான். மேனுகாவுக்குச் சோகம் போதவில்லை. போதுமான சோகம் வந்த நேரம் சூரியன் முகிலுக்குள் போய்விட்டது.

"ஏறுறத நாளைக்குக் காலம எடுப்பம். முகத்தில வெயில் விழ வேணும்."

மறுநாள் வெயில் விழுந்தது, சேற்றில். தோணி ஒரு பக்கம் சரிந்து எருமைபோலக் கிடந்தது. காதலி நிற்க வேண்டிய இடத்தில் கொக்கு ஒன்று மேய்ந்தது. தண்ணீர் எங்கோ தூரத்தில் மினுங்கியது.

மேனுகா தகப்பனுக்குப் போன் எடுத்தாள். "அப்பா, ஆத்துத் தண்ணியக் காணல்ல!"

"முகத்துவாரம் வெட்டியாச்சி மகள்!" நல்லரத்தினத்தின் குரலில் திருவிழா. "நேத்துப் பின்னேரம் மண்ண வெட்டி ஆத்தக் கடலுக்குத் திறந்தாச்சி. எங்கட வயல் வட்டையில பயிர் தலை தூக்கித்து. எல்லாம் உன்ட வீடியோவாலதான் எண்டு இஞ்ச எல்லாரும் சொல்றாங்க!"

அவளுக்குக் காது சுட்டது. போன கிழமை தகப்பனை மூழ்கிய வயலுக்குள் நிறுத்தி, "முகத்துவாரத்தை உடனே வெட்டுங்கள்" என்று கைபேசியில் எடுத்துப் போட்டவள் அவளேதான். ஒரே ஷொட். மாவட்டமே பகிர்ந்தது. மூன்று வருடத்தில் அவள் முடித்த ஒரே படம் அதுதான். வெட்டினால் வாவி வற்றும் என்பது வயல்காரன் மகளுக்குத் தெரியும், டிரெக்டருக்குத்தான் மறந்துபோயிருந்தது.

"கலைக்குச் செய்த சேவை!" என்றான் உதயரூபன். "இப்ப என்ன செய்யிற?"

"தள்ளிப் பார்ப்பம்."

நிலோஜன் தோணியைத் தள்ளினான். தோணி அசையவில்லை, அவன்தான் இறங்கினான். முழங்கால்வரை புதைந்து, காலை இழுக்கப் போய் முகங்குப்புற விழுந்தான். வெள்ளைச் சட்டை கறுத்தது. "ஐயோ, விசா கிடைச்சும் போகேலாமக் கிடக்கே!" என்று அவன் சேற்றுக்குள்ளிருந்து கத்த, தனுஷியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே இறங்கி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவளும் விழுந்தாள், கொக்கு பறந்தது.

"கட்" சொல்ல மேனுகா வாயைத் திறந்தாள். உதயரூபன் கமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சொன்னியெண்டா நான் வீட்ட போறன்," என்றான். மாற்றுச் சட்டை இல்லை. வேறு வாவியும் இல்லை. அவள் வாயை மூடினாள்.

பின்னேரம் செங்கலடியில் ஒரு தேநீர்க் கடை மேசையில் படத்தை வெட்டி ஒட்டி முடித்தார்கள். மௌனக் காவியம் சேற்றுக் கூத்தாகிவிட்டது. காதலன் போகவேயில்லை, பிரிவு என்ற தலைப்புக்கு அதை எப்படிப் பொருத்துவதென்று மேனுகாவுக்கு விளங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். படம் கிடைத்தது என்று திரையில் வந்தது.

தனுஷியா கைதட்டினாள். மேனுகா நகத்தைக் கடித்தபடி திரையையே பார்த்தாள்.

"அந்தக் கொக்குப் பறக்கிற ஷொட்டக் கொஞ்சம் முன்னுக்குப் போட்டிருக்கலாம். அனுப்பினதத் திரும்ப எடுக்கேலுமா?"

உதயரூபன் லப்டொப்பை மூடி, அதன்மேல் ஏறி உட்காராத குறையாகக் கையை ஊன்றிக்கொண்டு, நாலு தேத்தண்ணிக்குச் சொன்னான்.