அறுக்காமல் விட்ட நெல்

பறவைக் கூட்டைக் காப்பாற்ற ஒருவரின் வயலில் இடம் கேட்டு வாங்கிவிட்டு, அந்த இடத்தைப் பலருக்கும் காட்டிக்கொடுத்தது நான்தான் என்று அவரிடம் சொல்ல வேண்டுமா? மூன்று நாட்களாக இந்தக் கேள்வி என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை.

மீனாட்சிபுரத்தில் எங்கள் பறவைக் குழுவுக்கு அறுவடைக்கு முன் ஒரு வேலை உண்டு. வயல்களில் கூடுகளைத் தேடி, சுற்றிலும் சிறிது நெல்லை அறுக்காமல் விடும்படி உரிமையாளரைக் கேட்போம். மாடுகள் வளர்க்கும் அக்கா ஒருவரின் வயலில் மயில் உள்ளான் என்ற பறவை நான்கு முட்டைகள் இட்டிருந்தது.

“ஏன் அம்மிணி, மொட்டத்தலையில குடுமி வெச்சாப்புல நடுவுல உட்டுட்டு அறுத்தா ஊரு சிரிக்காதா?” என்றார். ஆனாலும் அறுவடை இயந்திரத்தைச் சுற்றிப் போகச் சொன்னார்.

இந்த இனத்தில் ஆண்தான் அடைகாக்கும். அதைப் படமெடுத்துப் பறவைப் பதிவுச் செயலியில் ஏற்றினேன். இடம் துல்லியமாக இல்லாத பதிவை எங்கள் குழுவில் யாரும் மதிப்பதில்லை. எனவே வரைபடத்தில் வயலையே குறித்தேன். ஞாயிறன்று கேமராக்களுடன் வெளியூர்க் கார்கள் வந்தன. கூடு தெரிவதற்காக நெல் தாள்களை ஒடித்தார்கள். வரப்போரம் காய்ந்துகொண்டிருந்த வைக்கோலைச் சேற்றில் மிதித்தார்கள். ஆண் பறவை திரும்பவில்லை. மறுநாள் காகங்கள் முட்டைகளைக் கொத்தியிருந்தன.

“யாரோ போட்டுட்டாங்கன்னு சொல்லிருங்க,” என்றார் குழுச் செயலாளர். “உண்மையச் சொன்னா ஒருத்தரும் நம்மள வரப்புல ஏற உடமாட்டாங்க.”

அவர் கவலை நியாயமானது. பக்கத்து வயல்களில் அறுவடை நெருங்கியிருந்தது. அங்கே இன்னும் இரண்டு கூடுகள். ஆனால் பொய் சொல்லிப் பெறும் அனுமதி எத்தனை நாள் நிற்கும்?

மூன்றாம் நாள் காலை தொழுவத்துக்குப் போனேன். அக்கா பால் கறந்துகொண்டிருந்தார்.

“அக்கா, எடத்தப் போட்டது நானுங்க.”

அவர் கை நிற்கவில்லை. “படிச்ச புள்ளதான நீ? மிதிச்ச வைக்கோல என்ற மாடு திங்குமா?”

“மன்னிச்சுக்குங்க அக்கா.”

“மன்னிச்சா முட்ட பொரிஞ்சிருமா? போ, பக்கத்து வயக்காரங்ககிட்டயும் நீயே சொல்லு.”

சொன்னேன். ஒருவர் யோசித்து, நெல்லை விட்டுவைத்தார். மற்றவர் மறுத்துவிட்டார்; அந்தக் கூட்டின்மேல் இயந்திரம் ஏறியது.

இப்போது குஞ்சுகள் வெளியேறும்வரை எந்தக் கூட்டின் இடத்தையும் நாங்கள் பதிவிடுவதில்லை. அக்கா தன் வயலுக்குள் எங்களை விடுவதில்லை.