யூசுப் தொழவைத்த ஜனாஸா

பாத்திரக்கடை சலீம் பாய் மவுத்தான அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக வண்டிகளை ஊருக்கு வெளியே வேங்கிக்காலிலேயே நிறுத்திவிட்டார்கள். மையத்தை, அதாவது உடலை, வேறு ஊர் கபரஸ்தானில் அடக்கக் கொண்டுபோக வழியில்லை. இறந்தவருக்கான ஜனாஸா தொழுகையை எங்கள் பள்ளிவாசலில்தான் தொழவைத்தாக வேண்டும். இமாம் நான். காலையிலிருந்தே எனக்குப் பயமாக இருந்தது.

காரணம் அவர் மகன் யூசுப். தர்காவுக்குப் போவது கூடாது என்கிற தவ்ஹீத் கூட்டத்தில் சேர்ந்தவன். எங்கள் ஜமாஅத்தோ தர்காவில் கந்தூரி விழா நடத்துகிற ஜமாஅத். ஒரு தரப்பு முன்னின்று தொழவைத்தால் பின்னால் மற்றது நிற்காது. வெள்ளிக்கிழமை பயான் உரையில் அவர்களைக் காய்ச்சி எடுப்பதும் என் வேலைகளில் ஒன்று. நானும் குறை வைத்ததில்லை.

அழுது வீங்கிய முகத்தோடு வந்து, அத்தாவுக்குத் தானே தொழவைக்க வேண்டும் என்றான் யூசுப். பள்ளி நிர்வாகத்தைப் பார்க்கும் முத்தவல்லி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அவன் முன்னாடி நின்னா ஜமாஅத்துல ஒருத்தனும் பின்னாடி நிக்கமாட்டான் ஹஜ்ரத். நீங்க அவன் பின்னாடி நின்னீங்கன்னா நாளைக்கே வேற ஊரு பாத்துக்கங்க."

என் வீடே பள்ளிவாசல் மாடிதான். மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. பயந்துபோனேன்.

என்ன ஓதுவாய் என்று யூசுபைக் கேட்டேன். குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா சூரா என்றான். ஜனாஸாவில் நாங்கள் அதை ஓதுவதில்லை.

"சத்தமாவா?"

"இல்ல ஹஜ்ரத், மனசுக்குள்ளதான்."

ஜனாஸாவில் வெளியே கேட்பது 'அல்லாஹு அக்பர்' என்கிற தக்பீரும் முடிவில் சொல்லும் ஸலாமும்தான். அது இரு தரப்புக்கும் பொது. யார் காதிலும் விழாத ஒன்றுக்காகவா ஒரு மனிதரை அடக்கம் செய்யாமல் வைத்திருக்கிறோம் என்று எனக்குக் கோபம் வந்தது. என் மேலும்தான்.

"தொழவைக்கிற உரிமை இமாமுக்கு. அத நான் மகனுக்குக் குடுக்கறேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். போய் அவன் பின்னால் நின்றேன்.

தக்பீர் கட்டியபின் திரும்பிப் பார்க்க முடியாது. பின்னால் காலடிச் சத்தம். வருகிறார்களா, போகிறார்களா தெரியவில்லை. அவருக்காக வேண்டும் துஆவில் மனம் நிற்கவே இல்லை.

ஸலாம் கொடுத்துத் திரும்பினால் மூன்று வரிசை நின்றது. முத்தவல்லி மட்டும் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றிருந்தார்.

மறுநாளே மாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். மகள் பரீட்சை முடியும்வரை சலீம் பாய் வீட்டு மாடியில் இருந்தோம். பிறகு வேறு ஊர்.

மார்க்கம் படித்து இந்த வேலைக்கு வரும் இளம் ஆலிம்களுக்கு ஒன்று சொல்வேன். அன்று கடைசி ஸலாம்வரை என் பயம் போகவில்லை. பயத்தோடு நின்றாலும் தொழுகை நிறைவேறும்.