பறவைக் குழுவுக்குப் புதிதாக வந்தவள்

எங்கள் பறவைக் குழுவைத் தொடங்கியது நானும் பாயும்தான். பாய்க்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஹார்டுவேர் கடை. அதே தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நான் வேலை பார்க்கிறேன். வீடு ராஜபாளையத்தில். காலையில் பஸ்ஸில் வரும்போது கண்மாயில் நிற்கிற நாரைகளை ஜன்னல் வழியாகப் படம் எடுத்து வந்து பாயிடம் காட்டுவேன். பாதிப் படங்களில் நாரை இருக்காது, பஸ் கம்பிதான் இருக்கும். அவர் தன் வீட்டு மாடிக்கு வரும் தேன்சிட்டுகளைக் காட்டுவார். ஒருநாள் அவரே வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கி என்னையும் அட்மின் ஆக்கிவிட்டார்.

"நம்ம ரெண்டு ஊர்லயும் பறவை பாக்கிற ஆளுக இன்னும் இருப்பாங்கம்மா. வரட்டும்" என்றார்.

வரத்தான் செய்தார்கள். ஆனால் நிறையப் பேர் வந்த வேகத்திலேயே போனார்கள். புதிதாக ஒருவர் சேர்ந்ததும் எங்கள் ஆட்கள் எல்லோரும் கும்பிடும் கைகளையும் ரோஜாப்பூக்களையும் அனுப்புவார்கள். செத்த நேரத்துக்குப் பூமழையாகப் பொழியும். அப்புறம் யாரும் அவரோடு பேசமாட்டார்கள். சாயங்காலம் பார்த்தால் அவர் வெளியேறியிருப்பார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாய் கடையில் உட்கார்ந்து இதைப் பேசினோம். ஒருவர் ஆணி வாங்க வந்தார். பாய் எழுந்து கொடுத்துவிட்டு வந்து சொன்னார்: "இப்ப இவரு உள்ள வந்ததும் நீ, நான், வேலைக்காரங்க எல்லாரும் எந்திரிச்சு நின்னு கும்பிட்டிருந்தா இவரு பயந்து ஓடியிருப்பாரு. என்ன வேணும்னு ஒருத்தர் கேட்டா போதும்ல."

அன்றிலிருந்து பூக்களை நிறுத்தச் சொல்லிவிட்டோம். யார் சேர்ந்தாலும் நான் மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்புவேன், உங்கள் வீட்டுப் பக்கம் என்ன பறவை வருகிறது என்று. காக்காதான் வருது என்று கூச்சத்தோடு எழுதுவார்கள். ஒருவர் தன் வீட்டுச் சேவலைப் படம் எடுத்து அனுப்பினார். அந்தச் சேவலைக் குழுவில் போடச் சொன்னேன். அதைப் பற்றி அன்றைக்கு ஒரே பேச்சு. அவர் இன்றுவரை குழுவில் இருக்கிறார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு பெண் சேர்ந்தாள். முகப்புப் படத்தில் தையல் மெஷின் இருந்தது. நான் வழக்கமான கேள்வியை அனுப்பினேன். பதிலுக்கு ஒரு படம் மட்டும் வந்தது. கரண்டு கம்பியிலிருந்து கிளம்புகிற பனங்காடை, இரண்டு சிறகும் விரிந்து, நீலம் அப்படியே கண்ணில் அறைந்தது. நான் இருபது தடவை முயன்றும் எனக்குக் கிடைக்காத படம் அது. குழுவில் போடச் சொன்னேன். போட்டாள். ஆளாளுக்குப் பாராட்டினார்கள், எங்கே எடுத்தது, எப்படி எடுத்தது என்று கேட்டார்கள். அவள் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை.

எங்கள் குழுவில் எழுதுகிறவர்கள் குறைவு. எல்லோரும் குரல் செய்திதான். அதைப் பழக்கிவிட்டதே கான்சாபுரம் அண்ணாச்சிதான். விவசாயி. காலையில் தோட்டத்துக்குப் போனதும் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு வரப்பில் என்ன நின்றது, தென்னையில் என்ன உட்கார்ந்தது என்று சாவகாசமாகப் பேசி அனுப்புவார். பின்னணியில் மோட்டார் சத்தமும் அவர் மாடும் கேட்கும். அவர் அந்தப் பெண்ணிடமும் கேட்டார்: "தாயி, அந்தப் பனங்காடைய எங்கன பாத்த? சொன்னா நானும் வந்து பாப்பேன்ல." அதற்கும் பதிலில்லை. ஒருவர், பெரிய மனுஷி போல, பேச மாட்டார் போல என்று குரலில் சொன்னார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. அவளுக்கு போன் செய்தேன். மணி அடித்தது, வெட்டிவிட்டாள். உடனே எழுத்தில் செய்தி வந்தது.

"அக்கா, எனக்குக் காது கேட்காது. எழுதுங்க."

கடையில் அப்போது கூட்டமில்லை. பின்பக்கம் போய் ஸ்டூலில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். எட்டாவது படிக்கும்போது வந்த காய்ச்சலில் காது போய்விட்டதாம். வீட்டிலேயே தைக்கிறாளாம். மெஷின் ஜன்னலை ஒட்டி இருக்கிறது, எதிரே கரண்டு கம்பி. தைத்துக்கொண்டே பார்ப்பாளாம். குழுவில் எல்லோரும் என்ன பேசுகிறோம் என்று தெரியாவிட்டாலும் தினமும் திறந்து பார்ப்பதாகச் சொன்னாள்.

"குரல் செய்தி கோடு கோடா வந்துக்கிட்டே இருக்கு. ஏதோ நல்ல பேச்சுதான் நடக்குதுன்னு தெரியுது. அதான் போகாம இருக்கேன்."

குழுவில் சொல்லட்டுமா என்று கேட்டேன். "சொல்லுங்க. ஆனா யாரும் பாவம்னு எழுத வேண்டாம்" என்றாள். அதையும் சேர்த்தே சொன்னேன். யாரும் எழுதவில்லை. பெரிய மனுஷி என்றவர் தன் குரல் செய்தியை அழித்துவிட்டு, தப்பா நினைச்சுட்டேம்மா என்று எழுத்தில் போட்டார்.

இனிமேல் எல்லோரும் எழுதுங்கள் என்று அறிவித்துவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். அதற்குள் கான்சாபுரம் அண்ணாச்சி எனக்கு போன் செய்துவிட்டார்.

"நான் ரெண்டாப்பு வரைக்குந்தான் போனேன் தாயி. வாசிக்கவே எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். எழுத எங்கிட்டுப் போக? அந்தப் பிள்ளைக்கு இடைஞ்சலா இருந்தா நான் வேணா போயிருதேன்."

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் சங்கடமாக இருந்தது. புதிதாக வந்தவளை உட்காரவைக்க முதலிலிருந்தே இருப்பவரை எழுப்பிவிடுவதா? பாயிடம் ஓடினேன். அவர் ஒரு நட்டுக்குப் போல்ட் பொருத்திப் பார்த்துக்கொண்டே, "அண்ணாச்சி பேசட்டும். கேக்கிறவங்க யாராவது கீழ ரெண்டு வரி எழுதிருவோம். நீ காலையில பஸ்ல சும்மாதான வார" என்றார்.

அப்படித்தான் செய்தோம். ராஜபாளையத்தில் பஸ் ஏறியதும் அண்ணாச்சியின் குரலைக் கேட்டு எழுதுவேன். நான் இல்லாத நாளில் பாய் எழுதுவார். கொஞ்ச நாளில் மற்றவர்களும் கை கொடுத்தார்கள். அண்ணாச்சிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. தன் மருமகனிடம் கேட்டு, பேசினால் போனே எழுதிக்கொள்ளும் வித்தையைக் கற்றுக்கொண்டார். முதல் நாள் அவரிடமிருந்து வந்த எழுத்து இது:

"வாய்க்கால் ஓரத்தில் ஒரு மீன் கத்தி உட்கார்ந்து இருக்கு."

மீன்கொத்தி என்றுதான் சொல்லியிருக்கிறார். போனுக்கு அவருடைய பேச்சு பிடிபடவில்லை. அப்போது அவள் எழுதினாள், குழுவில் அவளுடைய முதல் செய்தி:

"மீன் கத்துனது உங்க எல்லாருக்கும் கேட்டுச்சா? எனக்குத்தான் கேட்கலையா?"

பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன். அண்ணாச்சி அன்று சாயங்காலம் வரைக்கும் சிரித்துச் சிரித்துக் குரல் அனுப்பிக்கொண்டிருந்தார். பாய் கீழே, "அண்ணாச்சி சிரிக்கிறார்" "இன்னும் சிரிக்கிறார்" என்று எழுதினார்.

அதற்குப் பிறகு அவள் எழுதாத நாளே இல்லை. அவளால் எங்களுக்குப் புதிய வேலையும் வந்தது. யாராவது பறவைச் சத்தத்தைப் பதிவு செய்து போட்டால், இது எப்படிக் கத்துகிறது என்று கேட்பாள். முதலில் எழுத்தில் எழுதிப் பார்த்தோம். ஆள்காட்டிக் குருவி டிட்டிட்டூ என்று கூவும் என்று ஒருவர் எழுதினால், இல்லை, டிட்டித்திட்டு என்பார் இன்னொருவர். அவளுக்கு அது போதவில்லை. பதின்மூன்று வயது வரை கேட்ட சத்தங்கள் ஞாபகம் இருப்பதால் அவற்றில் எது மாதிரி என்று கேட்டாள். பள்ளிக்கூட மணியா, சைக்கிள் பெல்லா, மாவு மில்லா? தவிட்டுக் குருவிகளின் சத்தம் தண்ணி லாரி வந்ததும் குடத்தோடு நிற்கிற கூட்டத்தின் சத்தம் மாதிரி என்று பாய் எழுதினார். அதைப் படித்த பிறகு நான் தவிட்டுக் குருவியை ஒழுங்காகக் கேட்க ஆரம்பித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பிளவக்கல் அணைக்குப் போனோம். அவளும் வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்து, "அக்கா, நான்தான்" என்றாள். அவளுக்குக் குரல் இருக்கும் என்பதை ஏனோ நான் யோசித்திருக்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்லா பேசுவேன். எம்புட்டு சத்தமா பேசுறேன்னுதான் எனக்குத் தெரியாது."

கரையோரமாக நடந்தோம். மலை அடிவாரத்து மரத்திலிருந்து குக்குறுவான் கத்த ஆரம்பித்தது. இலைக்குள் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. எல்லோரும் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து அவள், என்ன கத்துது என்று கேட்டாள். நான் போனை எடுத்து எழுதத் தொடங்கினேன். அண்ணாச்சி, "இரு தாயி" என்று என்னை நிறுத்தினார். அங்கிருந்த இரும்புக் கைப்பிடிக் கம்பியைக் காட்டி அவளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கீழே கிடந்த ஒரு சின்னக் கல்லை எடுத்து, குக்குறுவானோடு சேர்ந்து அந்தக் கம்பியில் தட்டினார். டுக், டுக், டுக். அது நிறுத்தியபோது இவரும் நிறுத்தினார். அது தொடங்கியபோது தொடங்கினார். அவள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்படியேவா கத்திக்கிட்டே இருக்கும்?" என்றாள்.

"நாள் பூரா" என்றார் அண்ணாச்சி. அவள் அவருடைய உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். "அதுக்கு அலுக்காதா?" என்று கேட்டாள். அலுக்காது என்று தலையை ஆட்டிவிட்டு அவர் மறுபடியும் தட்டினார். பாய் எல்லோருக்கும் கட்டிக்கொண்டு வந்திருந்த வடைப் பொட்டலத்தைப் பிரித்தார்.

இப்போது புதிதாக வருகிறவர்களிடம் அவள்தான் முதலில் பேசுகிறாள். அட்மினாக ஆக்குகிறேன் என்றபோது, தைக்கிற வேலை கெடாத அளவுக்குச் செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டாள். அவளுடைய வழி வேறு. வந்த அன்றே எதுவும் கேட்பதில்லை. ஒரு நாள் விட்டுவிடுகிறாள். பிறகு அவர்களின் முகப்புப் படத்தைப் பார்த்து அதிலிருந்து பேச்சைத் தொடங்குகிறாள். போன மாதம் ஒரு நர்ஸ் சேர்ந்தார். முகப்பில் கோவில்பட்டிப் பக்கத்துக் கடலைக் காடு. அது யாருடைய காடு என்று கேட்டாளாம். அம்மாவுடையது என்று ஆரம்பித்து, அந்தக் காட்டில் காடை முட்டையிடும், அதற்காக அந்த இடத்தை மட்டும் அம்மா களை வெட்டாமல் விட்டுவிடுவார் என்பதுவரை அவர் எழுதியிருக்கிறார். அதை அவள் குழுவில் போட அனுமதி வாங்கிப் போட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் காட்டுக்குப் போகலாமா என்று இப்போது பேச்சு நடக்கிறது. வேன் பேசுகிற பொறுப்பு பாயுடையது. வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார்.