நான் இளைத்திருந்த காலம்

என் ஆயுசில் ஒரே ஒரு வருஷம், அதிலும் முழு வருஷம் இல்லை, சித்திரையிலிருந்து ஐப்பசி வரைக்கும், நான் இளைத்திருந்தேன். இப்போது என்னைப் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். பட்டவளுக்குத் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. மயிலாப்பூரில் கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தோம். என் கணவர் ஹைகோர்ட்டு வக்கீல். பிறந்து பிறந்து போன குழந்தைகளுக்குப் பிறகு தங்கியவள் ஒரே பெண். அவளுக்குப் பதினாறு நடந்துகொண்டிருந்தது. வக்கீல் வீட்டு அம்மாள் என்றால் பருமனாகத்தான் இருக்கவேண்டும் என்பது எங்கள் தெருவில் எழுதாத சட்டம். நானும் சட்டத்தை மீறாமல்தான் இருந்தேன். ஒவ்வொரு பிரசவத்துக்கும் உடம்பு ஒரு சுற்றுப் பெருக்கும். குழந்தை போய்விடும், சதை மட்டும் தங்கிவிடும். யாராவது சொல்லிச் சிரிப்பதற்கு முன்னால் நானே இதைச் சொல்லிச் சிரித்துவிடுவது என் வழக்கம்.

ஒருநாள் காலை, தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தவள் அப்படியே சமையலறையில் உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு படபடத்து நிற்கவில்லை. வைத்தியம் பார்க்க வந்த டாக்டர் கொஞ்சம் கடுமையான மனிதர். குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "இருதயம் ரொம்பச் சுமக்குதும்மா. மருந்தெல்லாம் அப்புறம். நெய், பகல் தூக்கம், சாயங்காலப் பலகாரம், மூணையும் விட்டுடுங்க. விடியக்காலையில நல்லா நடக்கணும். பொண்ணு கல்யாணத்தைக் கண்ணால பார்க்கணுமா, வேண்டாமா?" என்று கேட்டார்.

அவர் போனதும் என் கணவர் என்னைப் பார்த்து, "நடக்கறதா? எங்கே போறதுக்கு?" என்றார்.

கேலி இல்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. எங்கள் தெருப் பெண்கள் வாசற்படி தாண்டினால் கோயில் இருக்கும், கல்யாணம் இருக்கும், துக்கம் விசாரிப்பு இருக்கும். சும்மா நடப்பது புருஷர்கள் காரியம். அவர்கள் கையில் தடியோடு லஸ் வரைக்கும் போய்வந்தால் அது வாக்கிங். ஒரு பெண்பிள்ளை அதையே செய்தால் அவளுக்கு வீட்டில் என்ன கஷ்டமோ என்று ஊர் விசாரிக்க ஆரம்பித்துவிடும்.

அதனால் நான் ஒரு சின்னக் கிண்ணத்தில் எண்ணெய் எடுத்துக்கொண்டேன். கோயில் விளக்குக்கு எண்ணெய் விடப் போகிறவளை யார் கேட்கப்போகிறார்கள்? விடியுமுன் போய் எண்ணெயை விட்டுவிட்டு, குளத்தைச் சுற்றி, அங்கிருந்து கச்சேரி ரோடு வழியாகச் சாந்தோம் கடற்கரை வரைக்கும் போய்த் திரும்பினேன். முதல் நாள் பாதி வழியிலேயே ஒரு மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதுவிட்டேன். ஒன்பது கெஜம் புடவை வியர்வையில் காலைக் கட்டிற்று. யாருக்காக இந்தக் கஷ்டம் என்று டாக்டரைத்தான் திட்டினேன்.

என்னை மறுநாளும் அதற்கு மறுநாளும் நடக்க வைத்தவள் ஒரு மீன்காரி. கடற்கரைக் குப்பத்திலிருந்து தலையில் கூடையோடு அவள் வருகிற நேரமும் நான் போகிற நேரமும் ஒன்றாக இருந்தது. என் வயதுதான் இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. நான் ரோட்டின் இந்த ஓரம், அவள் அந்த ஓரம். என் ஆசாரம் அவளுக்கும் தெரியும், அதற்காக அவள் வாயை மூடிக்கொள்ளவில்லை.

"இன்னாம்மா, இந்த நடை நடந்தா சூரியன் வந்து உச்சியில குந்திக்கினு இருக்கும். காலை எட்டிப் போடு!"

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் எட்டிப் போட்டேன். ஒருநாள் மழைக்குப் பயந்து போகவில்லை. மறுநாள், "நேத்து இன்னா, வூட்ல இட்லியா?" என்று ரோட்டின் குறுக்கே கத்தினாள். அந்த வாய்க்குப் பயந்தே பிறகு நான் ஒருநாளும் நிற்கவில்லை.

நடைகூடச் சுலபம். சாயங்காலப் பலகாரம்தான் என் உயிரை எடுத்தது. கோர்ட்டிலிருந்து வருகிறவருக்கு ரவா உப்புமாவோ வெங்காய அடையோ செய்துபோட வேண்டும். முந்திரியை நெய்யில் வறுக்கிற கையும் என்னுடையது, பட்டினி கிடக்கிற வாயும் என்னுடையது. பக்கத்து வீட்டு மாமி வந்து, "என்ன, இன்னிக்கும் விரதமா?" என்பாள். ஆமாம் என்பேன். ஸ்வாமிக்காகச் சாப்பிடாமல் இருந்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். என் உடம்புக்காக என்று சொல்லியிருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள்.

ஆடி மாதம் ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆயிற்று. ஆவணியில் மாடிப்படியை நிற்காமல் ஏறினேன். எனக்குக் கல்யாணத்தின்போது என் அம்மா போட்ட ஒட்டியாணம் பெட்டியில் கிடந்தது. தலைப் பிரசவத்துக்குப் பிறகு அது என் இடுப்பில் பூட்டினதே இல்லை. ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன். வயிற்றை எக்காமலே கொக்கி மாட்டிக்கொண்டது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. தொலைந்துபோன ஒருத்தி திரும்பி வந்து என் புடவையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. பெண்ணின் கல்யாணத்தில் இதைப் போட்டுக்கொண்டு மணையில் உட்காரவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கல்யாணமும் கூடி வந்தது. தியாகராய நகரில் புதிதாக வீடு கட்டிக்கொண்டு போன குடும்பம். பையன் பி.ஏ. முடித்து நல்ல உத்தியோகத்தில் இருந்தான். ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, வாய் வார்த்தையாக எல்லாம் முடிந்தது. தை மாதம் முகூர்த்தம் என்று பேச்சு. என் பெண் அவனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசாமல் தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

நவராத்திரிக்குச் சம்பந்தி வீட்டிலிருந்து கொலுவுக்கு அழைத்தார்கள். ஜட்காவில் போனோம். வழியில் தூறலில் நனைந்தேன். அங்கே கூடம் நிறையப் பெண்கள். பையனின் அம்மா என்னைக் கண்டதும், "என்ன மாமி, பெண் பார்க்க வந்தப்போ இருந்ததுக்கு இன்னும் இளைச்சுட்டேளே!" என்றாள். நான் பெருமையாகச் சிரித்தேன். என்னைப் பாடச் சொன்னார்கள். பல்லவி முடிவதற்குள் தொண்டையில் கரகரவென்று இருமல் பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த அந்த அம்மாளின் கண் என் முகத்தில் இல்லை, கழுத்தெலும்பில் இருந்தது. அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

விஜயதசமி கழிந்ததும், இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்த உறவுக்காரர் வீட்டுக்கு வந்தார். என் கணவரோடு வாசல் அறையில் தணிந்த குரலில் பேசினார். அவர் போனபின் இவர் உள்ளே வந்து நின்றார்.

"உனக்கு நெஞ்சில ஏதாவது உண்டான்னு கேக்கறா."

"நெஞ்சிலயா?"

"க்ஷயம்னு நினைக்கறா. இப்படி இளைக்கறது, இருமறது. அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கும் வருமோன்னு பயப்படறா."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அரை வயிற்றுக்குச் சாப்பிட்டு, கடற்கரை வரைக்கும் நடந்து நடந்து கரைத்த சதையை வியாதி தின்றுவிட்டது என்கிறார்களே! "டாக்டர்கிட்ட ஒரு கடுதாசி வாங்கிக் கொடுத்துடலாமே. அவர் சொல்லித்தானே நடக்கறேன்" என்றேன்.

"அசடு மாதிரி பேசாதே. நெஞ்சில ஒண்ணும் இல்லேன்னு டாக்டர் எழுதிக் கொடுத்த ஆத்துல எவன் பொண்ணெடுப்பான்? இல்லாததுக்கு எதுக்கு சர்டிபிகேட்டுன்னு கேப்பான். இருதயம் கிருதயம்னு வெளியில வந்தா அது இன்னொரு வம்பு." வக்கீல் அல்லவா, சாட்சி எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்குத் தெரியும். "நான் ஒண்ணு சொல்லிட்டேன். பொண்ணு கல்யாணம் நடக்கணும்னு நீ விரதம் இருந்தே, இப்போ நிச்சயமாயிடுத்து, விரதம் முடிஞ்சுடுத்துன்னு."

பொய்யில் ஒரு ஓட்டை இல்லை. எண்ணெய்க் கிண்ணத்தை ஊரே பார்த்திருக்கிறது. விரதம் என்று பக்கத்து வீட்டு மாமியிடம் நானே என் வாயால் சொல்லியிருக்கிறேன். இனிமேலும் நான் இளைத்தே இருந்தால்தான் அது வியாதி.

"அப்போ நான்?" என்று கேட்டேன்.

"சாப்பிடு" என்றார். பிறகு, "தை வரைக்கும்தானே" என்று சேர்த்துக்கொண்டார். அவரும் கஷ்டப்பட்டுத்தான் சொன்னார். பக்கத்து அறையில் எங்கள் பெண் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அவள் காதில் இந்தப் பேச்சு விழக்கூடாது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம். வாழப்போகிற வீட்டின்மேல் ஒரு மனக்கசப்போடு அவள் போக வேண்டாம் என்று நினைத்தோம்.

அடுத்த வாரமே தியாகராய நகரில் விருந்து. விருந்து என்று பெயர், எனக்கு அது பரீட்சை. பையனின் அம்மா தன் கையாலேயே எனக்குப் பரிமாறினாள். பருப்புக்கு நெய் விட்டாள். போதும் என்று கை மறிக்கப்போனவள் மறிக்காமல் இருந்துகொண்டேன். மோர்க்குழம்பு சாதம், அவியல், மறுபடியும் சாதம். ஜாங்கிரி வந்தது. "இன்னொண்ணு போடட்டுமா மாமி?" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "போடுங்கோ, நன்னா அமைஞ்சிருக்கு" என்றேன். நெஞ்சுவரை வந்துவிட்டது. நான் மென்று விழுங்க விழுங்க அந்த அம்மாளின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. பாயசம் போடும்போது சிரித்தே விட்டாள். கெட்டவள் இல்லை. ஒரு பிள்ளையைப் பெற்றவள், பயந்திருந்தாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் கழுத்தெலும்பைத்தான் பார்த்திருப்பேன். எழுந்து கை அலம்பப் போன இடத்தில், கொல்லைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று யாருக்கும் தெரியாது.

பிறகு கேட்பானேன்? காலையில் பாதாம் அல்வா, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் இவருக்குச் செய்வதில் எனக்கும் ஒரு பங்கு. பார்க்கிறவர்கள் எல்லாரும், "இப்பத்தான் பழைய களை வந்திருக்கு" என்றார்கள். உடம்புக்கு வெட்கமே கிடையாது. மாதக்கணக்கில் கெஞ்சிக் கூத்தாடி அனுப்பினதெல்லாம் தை பிறப்பதற்குள் வட்டியோடு திரும்பி வந்தது. கல்யாணம் அமோகமாக நடந்தது. ஒட்டியாணத்தை அழித்துப் பெண்ணுக்கு வளையலாகப் பண்ணிப் போட்டோம். நான் மணையில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாசி மாதம் மறுபடியும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கச்சேரி ரோட்டில் அதே மதிலுக்கு அருகில் கால் நின்றுவிட்டது. எதிரே வந்த மீன்காரி கூடையைக்கூடப் பிடிக்காமல் அப்படியே நின்றாள்.

"இன்னாம்மா இது! மறுபடியும் ஊதிக்கினு வந்து நிக்கிறே?"

"பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சு."

"பொண்ணுக்குக் கண்ணாலம்னா நீ இன்னாத்துக்குத் தின்னே?"

தலைவலி என்று சொல்லித் திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை முயன்றேன். தலைதீபாவளி வந்தது, சீமந்தம் வந்தது, சம்பந்தி வீட்டார் வருகிறபோதெல்லாம் நான் கொழுகொழுவென்று எதிரே நிற்கவேண்டியிருந்தது. அதைவிட, உள்ளே எதுவோ விட்டுப்போய்விட்டது. முதல் தடவை என்னால் முடியுமா என்று தெரியாமல் நடந்தேன். இந்தத் தடவை முடியும் என்று தெரியும், ஆனால் அது யாருக்கும் வேண்டாம் என்பதும் தெரிந்திருந்தது. பெண்ணுக்காகச் செய்ததற்கு வருத்தம் இல்லை என்று சொல்லத்தான் ஆசை. பொய் சொல்ல வரவில்லை. வருத்தம் இருக்கிறது. அவள் நன்றாக இருக்கிறாள் என்பதும் இருக்கிறது. ஒன்று இன்னொன்றைக் கழித்துவிடவில்லை.

பெண் இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தையைக் கோயிலுக்கு எடுத்துப்போகும் நாளன்று இருவரும் நடந்தே கிளம்பினோம். குளத்தங்கரைத் திருப்பத்தில் எனக்கு மூச்சு முட்டிற்று. ஒரு பூக்கடை வாசலில் உட்கார்ந்தேன். அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"என் கல்யாணத்துக்கு முன்னாடி நீ ஒரு தரம் நன்னா இளைச்சிருந்தே, ஞாபகம் இருக்காம்மா? எவ்வளவு அழகா இருந்தே! ஏம்மா விட்டே? கொஞ்சம் நாக்கைக் கட்டியிருந்தா இன்னிக்கு இந்தப் பாடு உண்டா?"

"எனக்கு வைராக்யம் போறலைடி" என்றேன்.

"அதான் உன்கிட்ட குறை" என்றாள். கோபம் ஒன்றுமில்லை, பிரியமாகத்தான் சொன்னாள். "எங்க மாமியாரும் அதேதான் சொல்லுவா. உங்கம்மாவுக்குச் சாப்பாட்டு மேல கொஞ்சம் ஆசை ஜாஸ்தின்னு. சரி, நீ இங்கேயே உட்காரு. நான் தரிசனம் பண்ணிட்டு வந்துடறேன்."

குழந்தையோடு கோபுரத்தைப் பார்த்து நடந்தாள். நல்ல வேகமான நடை. நான் பூக்கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.