கவர்னருக்கு ஒரு சிவப்புக் கிளிப்

வாண்டா டேகெட் வீட்டு முன்னறையில், டி.வி.க்கு நேர் மேலே, பாடம் பண்ணிய கெண்டை மீன் ஒன்று தொங்கியது. பெயர் கவர்னர். அதன் ஒரு கண் எப்போதோ உதிர்ந்துவிட, அந்த இடத்தில் யாரோ ஒரு கோட்டுப் பொத்தானை ஒட்டிவைத்திருந்தார்கள். அந்தப் பொத்தான் கண்ணால்தான் அது ரொம்பக் கூர்ந்து பார்க்கும். சோபாவில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் தப்ப முடியாது. வாண்டா சீரியல் பார்த்து மூக்கைச் சிந்தும்போது அதுவும் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆசைப்பட்டு வாங்கி மாட்டியதல்ல, தண்டனை. அமெரிக்காவின் டென்னசியில் பிளம் கிரீக் ஏரியைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு மீன் என்றால் பாஸ் மீன்தான். அகன்ற வாய், முரட்டுக் குணம், தூண்டிலில் மாட்டினால் தண்ணீருக்கு மேலே எகிறித் தலையை உதறும். அதைப் பிடித்து, எடை போட்டு, கொஞ்சாத குறையாகத் திரும்ப ஏரியிலேயே விட்டுவிடுவார்கள். தின்ன மாட்டார்கள். தின்னாத மீனுக்கா இத்தனை பாடு என்று கேட்டுப் பாருங்கள், அந்த ஊரில் உங்களுக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கிடைக்காது. கெண்டை என்றாலோ அவர்களுக்கு இளக்காரம். அதனால் அந்த ஊர் பாஸ் மீன் சங்கத்தில் வருஷம் முழுக்க நடக்கிற போட்டிகளில் கடைசியாக வருகிற படகுக்காரன், கவர்னரை வீட்டுக்கு எடுத்துப்போய் முன்னறையில் மாட்டவேண்டும். கார் கொட்டகையில் ஒளித்துவைக்கலாம் என்ற பேச்சே கிடையாது. சங்கத்து ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்த்துவிட்டு, அப்படியே ஒரு காபியும் குடித்துவிட்டுப் போவார்கள்.

வாண்டாவின் புருஷன் ஹார்லன் பதினோரு வருஷமாகக் கடைசி. ஒரு வருஷம் தவறவில்லை. அந்த விஷயத்தில் மனுஷன் ரொம்ப நம்பகமானவன்.

கல்யாணத்துக்குக் கேட்ட அன்றைக்கே வாண்டா சுதாரித்திருக்க வேண்டும். நடு ஏரியில், படகில் முழங்காலிட்டு, ஒரு சின்ன டப்பாவைத் திறந்து அவள் முன்னால் நீட்டினான். உள்ளே ஊதா நிறத்தில் ஒரு ரப்பர் புழு, தூண்டிலில் மாட்டுகிறது. டப்பா மாறிப்போச்சு. மோதிரம் இருந்த டப்பாவைத் தேடி எடுப்பதற்குள் தூரத்தில் ஒரு மீன் துள்ள, 'ஒரு நிமிஷம் இரு கண்ணு' என்று சொல்லி, அந்தப் புழுவையே கொக்கியில் மாட்டி வீசினான். அந்த மீனும் தப்பித்தது. வாண்டாதான் மாட்டிக்கொண்டாள்.

அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். முன்னூறு பிள்ளைகளின் கூச்சலை ஒரே அதட்டில் அடக்குகிற குரல். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஹார்லன் வெறுங்கையோடு வந்து, தப்பித்துப்போன மீன் எவ்வளவு பெரிசு என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டும்போது மட்டும் அவள் சத்தம் போடுவதில்லை. உருளைக்கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆமா ஆமா" என்பாள். அவ்வளவுதான். அந்த 'ஆமா ஆமா'வுக்குத் திட்டே தேவலை என்று ஹார்லன் பல தடவை நினைத்திருக்கிறான்.

அந்த வருஷம் நிலைமை வேறு. வாண்டாவின் அக்கா ஜெனீவா நாஷ்வில்லிலிருந்து நவம்பர் மாசத் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டாள். ஜெனீவா பல் டாக்டரைக் கட்டியவள். 'ஒரு கிறுக்கனைப் போய்க் கட்டிக்கிட்டியேடி' என்று கல்யாண மண்டபத்திலேயே சொன்னவள். அதற்குப் பிறகு தங்கச்சி வீட்டு வாசலை மிதித்ததில்லை. இப்போது வருகிறாள், முன்னறையில் உட்காருவாள், பொத்தான் கண் அவளைப் பார்க்கும்.

"யோவ், கேட்டுக்க," என்றாள் ஹார்லனிடம். "அக்கா வர்றப்ப அந்தச் சுவர் சுத்தமா இருக்கணும். அந்தப் பீடை மறுபடி இந்த வீட்டுக்குள்ள வந்துச்சு, அதுக்குப் பக்கத்துல உன்னையும் ஆணி அடிச்சு மாட்டிருவேன்."

வருஷத்தின் கடைசிப் போட்டி மட்டும் பாக்கி. அன்றைக்குக் கவர்னரைச் சுவரிலிருந்து கழற்றி ஏரிக்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். கவர்னர் யார் வீட்டுக்குப் போவது என்பது ஹார்லனுக்கும் இன்னொரு படகுக்காரன் மெர்ல் ஷோஃபுக்கும் நடுவில்தான் இழுபறியாக இருந்தது. அன்றைக்கு மெர்லைவிட அதிக எடை கொண்டுவந்தால் தப்பித்தான். இந்த நேரம் பார்த்து அவனுடைய படகுக் கூட்டாளி தும்மித் தும்மி முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். படகுக்கு இரண்டு பேர் இருந்தே ஆகவேண்டும் என்பது சங்கத்து விதி.

"கண்ணு..." என்று இழுத்துக்கொண்டே சமையலறைக்குள் வந்தான் ஹார்லன்.

"வரேன்," என்றாள் வாண்டா, அவன் கேட்பதற்கு முன்பே. "சுவருக்காக வரேன். உனக்காக இல்ல."

அக்டோபர் மாதம், ஏரி மேல் மூடுபனி. படகில் ஏறியதும் ஹார்லன் பாடம் எடுக்கத் தொடங்கினான். பிடிக்கிற மீனைப் படகிலிருக்கிற தண்ணீர்த் தொட்டியில் உயிரோடு வைக்கவேண்டும். ஐந்து மீனுக்கு மேல் கூடாது. ஆறாவது கிடைத்தால், இருப்பதில் சின்னதை அந்த நிமிஷமே ஏரியில் விட்டுவிட வேண்டும். அவசரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது. அதனால் சின்ன மீனின் உதட்டில் முன்கூட்டியே ஒரு சிவப்புக் கிளிப் மாட்டிவைப்பான். அந்தக் கிளிப்பும் வாண்டாவின் துணிக்கொடியிலிருந்து சுட்டதுதான். இந்தப் பாடத்தில் பாதிக்கு மேல் வாண்டா காதில் போட்டுக்கொள்ளவில்லை. குளிரில் மூக்கு விறைத்திருந்தது.

திடீரென்று ஹார்லன் காற்றை மோந்தான். முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

"கண்ணு, அந்தப் பையில என்ன?"

"சாண்ட்விச்."

"உள்ள என்ன?"

"கடலை வெண்ணெய், வாழைப்பழம்."

"ஐயோ!" என்று அலறினான் ஹார்லன். "படகுல வாழைப்பழமா! ஊர் உலகத்துல எவனாவது படகுல வாழைப்பழம் ஏத்துவானா? அது அபசகுனம், ஒரு மீன் கிட்ட வராதே!"

"பதினோரு வருஷமா வராததுக்கு யாரு வாழைப்பழம் ஏத்துனா?"

ஹார்லன் அதைக் காதில் வாங்காமல் படகை நேரே கரைக்கு விட்டான். சாண்ட்விச்சை ஏரியில் எறிந்தால் அடுத்து எறியப்படுவது தான்தான் என்று தெரியும். அதனால் அவளை இறக்கிவிட்டு, கரையில் நின்று தின்று முடித்துவிட்டு ஏறச் சொன்னான். வாண்டா கணுக்கால் சேற்றில் நின்று, அவனை முறைத்துக்கொண்டே மென்றாள். அந்த நேரம் பார்த்தா மெர்லுடைய படகு அந்தப் பக்கம் வரவேண்டும்!

"என்ன ஹார்லன், பொண்டாட்டிய இறக்கி விட்டுட்டியா, இல்ல அவங்களே தப்பிச்சுட்டாங்களா?"

"கனத்தைக் குறைச்சா படகு வேகமாப் போகுமாம் மெர்ல்," என்றாள் வாண்டா வாய் நிறைய. "நீயும் உன் வாயக் கழட்டி வெச்சுட்டுப் போ, பறக்கலாம்."

மத்தியானத்துக்குள் ஹார்லன் நாலு மீன் பிடித்துவிட்டான். அவனுக்கே நம்ப முடியவில்லை. பெரிய மீன் எதுவுமில்லை, ஆனாலும் நாலு. வாண்டாவுக்குக் கொக்கியில் மாட்டியதெல்லாம் ஒரு பழைய செருப்பும் ஹார்லனின் தொப்பியும்தான். கடைசியில், கடலை வெண்ணெய்ப் பிசுக்கு இன்னும் போகாத விரல்களை தூண்டிலில் இருந்த ரப்பர் புழுவிலேயே துடைத்துவிட்டு, முங்கிக் கிடந்த ஒரு மரத்தைப் பார்த்து வேண்டாவெறுப்பாக வீசினாள்.

மரம் அவளைப் பிடித்து இழுத்தது. அப்படித்தான் நினைத்தாள். அப்புறம் அந்த மரம் நகர்ந்தது.

"கோலைத் தூக்கு! தூக்காத! சுத்து! சுத்தாத! விட்டுப் பிடி! ஐயோ விடாத!" ஹார்லன் கத்தினான்.

"வாய மூடு!" என்றாள் வாண்டா, முன்னூறு பிள்ளைகளை அடக்குகிற அந்தக் குரலில். ஹார்லன் மூடினான். மீனே ஒரு நொடி அடங்கியது போலிருந்தது. அடுத்த நிமிஷம் அது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எகிறியது. வாய் திறந்திருந்தது, அதற்குள் ஒரு பூசணிக்காயே போகும். வாண்டா அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் சுற்றினாள். ஹார்லன் வலையை நீட்டினான். மீன் படகுக்குள் வந்து விழுந்தபோது இரண்டு பேருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இதெல்லாம் எல்லார் பாக்கெட்டிலும் கேமரா வருவதற்கு முந்தைய காலம். பார்த்த கண்கள் நாலே நாலு.

"இவ்வளவு பெருசு நான் பிடிச்சதே இல்ல," என்றான் ஹார்லன். "பாத்ததும் இல்ல. கண்ணு, தப்பிச்சிட்டோம். மெர்லு காலி."

காற்று படகைப் பாறைப் பக்கம் தள்ளியது. அவன் படகைத் திருப்ப ஓடினான். ஓடுகிற ஓட்டத்தில், "அஞ்சு ஆயிடுச்சு, அந்தச் சிவப்புக் கிளிப்பை மாட்டிடு!" என்றான். வாண்டா மாட்டினாள். தன் மீனுக்கு. பள்ளிக்கூடத்தில் நல்லாப் படிக்கிற பிள்ளைக்கு ரிப்பன் குத்துகிற மாதிரி, அதன் உதட்டில் அழகாக மாட்டி, தடவிக்கொடுத்துத் தொட்டியில் விட்டாள். வேறு எதற்கு மாட்டுவார்கள்?

போட்டி முடியப்போகிற நேரத்தில் ஹார்லனுக்கு ஆறாவது மீன் விழுந்தது. சுமாரான மீன்தான், ஆனாலும் தொட்டியில் இருந்த சின்னதைவிடப் பெரிசு. இடது கையில் அதைப் பிடித்துக்கொண்டு, கண்ணைக் கரைப்பக்கம் வைத்துக்கொண்டு, வலது கையைத் தொட்டிக்குள் விட்டான். சிவப்புக் கிளிப் தட்டுப்பட்டது. பிடித்துத் தூக்கி வெளியே வீசினான். பழகிய கை. கனக்கிறதே என்று மூளை கேட்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

சின்ன மீன் தண்ணீரில் விழுந்தால் 'ப்ளக்' என்று கேட்கும். இது குளத்தில் ஒரு குண்டு மனிதர் குதித்த மாதிரி கேட்டது.

இரண்டு பேரும் அந்த இடத்தையே பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து சிவப்புக் கிளிப் மட்டும் மிதந்து மேலே வந்தது. வாண்டா குனிந்து அதை எடுத்தாள்.

"ஹார்லன்," என்றாள்.

"வேணாம் கண்ணு. ஒண்ணும் சொல்லாத."

கரையில் சங்கத் தலைவர் லெஸ்டர் தராசோடு நின்றிருந்தார். மெர்லுடைய மீன்கள் ஏறின. ஹார்லனின் மீன்கள் ஏறின. வித்தியாசம் ஒரு சாண்ட்விச் எடைகூட இல்லை. ஆனால் மெர்ல்தான் மேலே. யாரோ ஒருவன் கவர்னரை ஹார்லனின் வண்டியில் ஏற்றுவதற்காகக் கயிற்றைத் தேட ஆரம்பித்தான்.

"நில்லுங்க!" என்றாள் வாண்டா. சிவப்புக் கிளிப்பைத் தராசு மேசையில் படாரென்று வைத்தாள். "நான் ஒரு மீன் பிடிச்சேன். இவ்ளோ பெருசு." இரண்டு கையையும் விரித்தாள். விரித்த பிறகுதான், இந்தக் கைகளை இதற்கு முன் எங்கே பார்த்தோம் என்று அவளுக்கு உறைத்தது. "தொட்டியில இருந்துச்சு. நிஜமா. அப்புறம்... தப்பிச்சிருச்சு."

"ஆமா ஆமா," என்றார் லெஸ்டர், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஜாடிக்கேத்த மூடி!" என்றான் மெர்ல். "இத்தன வருஷம் புருஷன் அளந்தான், இப்ப பொண்டாட்டியும் அளக்க ஆரம்பிச்சாச்சு!" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வாண்டாவின் கைகள் மட்டும் விரித்தபடியே நின்றன.

அந்தக் கைகளை ஹார்லன் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

"அது தப்பிக்கல," என்றான். "நான்தான் தூக்கிப் போட்டேன். சின்னதை எறியறதுக்குப் பதிலா அதை எறிஞ்சேன். என் கையாலேயே."

சிரிப்பு பாதியில் நின்றது. அந்த ஏரியில் ஒரு மீன்காரன் என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லுவான். பெரிய மீனை எறிந்துவிட்டுச் சின்னதை வைத்துக்கொண்டேன் என்று மட்டும் சொல்லமாட்டான். உண்மையிலேயே அப்படிச் செய்திருந்தால்கூட, சாகிறவரைக்கும் வாயைத் திறக்கமாட்டான். அதைச் சொன்ன பிறகு அந்த ஊரில் தலை நிமிர்ந்து பெட்ரோல்கூடப் போட முடியாது. ஹார்லன் சொல்லிவிட்டு நின்றான். கிளிப்பை யார் மாட்டினார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

லெஸ்டரும் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றினார். மெர்லும் கழற்றினான். மெதுவாக வாண்டாவிடம் வந்து, "எவ்ளோ பெருசு இருந்துச்சுங்க?" என்று கேட்டான். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டான்.

வாண்டா காட்டினாள். அதற்கப்புறம் எல்லாரும் சேர்ந்து ஹார்லனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, ஏரிக்கரையில் இருந்த வாத்துகளெல்லாம் பறந்துபோயின.

தேங்க்ஸ்கிவிங் அன்று ஜெனீவா முன்னறைக்குள் வந்ததும் சுவரைப் பார்த்தாள். பொத்தான் கண் அவளைப் பார்த்தது. கவர்னரின் உதட்டில் ஒரு சிவப்புத் துணிக் கிளிப் மாட்டியிருந்தது. மாட்டியது வாண்டா. ஆணியை இன்னும் ஆழமாக அடித்ததும் அவள்தான்.

"என்னடி இது கண்றாவி?" என்றாள் ஜெனீவா.

வாண்டா பதில் சொல்லத் தொடங்கினாள். வான்கோழியை வெட்டும்போதும் சொன்னாள், கடைசியில் பூசணிக்காய் இனிப்பு வரும்போதும் சொன்னாள். முங்கிய மரத்தில் ஆரம்பித்து அந்த மீன் எகிறின இடம் வரைக்கும் வந்து, கத்தியும் முள்கரண்டியுமாக இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். ஏரிக்கரையில் காட்டியதைவிட ஒரு சாண் கூடுதலாகவே இருந்தது.

"ஆமா ஆமா," என்றாள் ஜெனீவா, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வாண்டாவின் கைகள் அந்தரத்தில் நின்றன. அவள் மேசையின் அந்தப் பக்கம் ஹார்லனைப் பார்த்தாள். அவன் வாயிலிருந்ததை விழுங்கி, கைக்குட்டையால் உதட்டைத் துடைத்து, பல் டாக்டர் உட்பட எல்லாருக்கும் கேட்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நான்தான் தூக்கிப் போட்டேன்," என்றான்.